ஓடவிடாத பையனுக்கு எதற்குப் பரிசு?

சூலக்கரைப் பெரியவர்களுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் பொங்கல் விழா கமிட்டித் தம்பிமார்களுக்கும் மெல்போர்னிலிருந்து வணக்கம்.

பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து மனசு ஆறவில்லை. சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், பானை உடைத்தல் எல்லாம் குறைவில்லாமல் நடத்தினீர்கள். கண் தெரியாத அந்தப் பையனை மட்டும் மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தீர்கள். கடைசியில் மைக்கில் பெயர் சொல்லி எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கையில் கொடுத்தீர்கள். கூட்டம் கை தட்டியது. அவன் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குண்ணே?" என்று என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

பானை உடைக்க வந்தவர்கள் அத்தனை பேர் கண்ணையும் துண்டால் கட்டினீர்களே! அந்த ஓர் ஆட்டத்துக்காவது அவன் கையில் கம்பைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையா? பட்டாசு வெடிவிபத்தில் கண் போனவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். நஷ்டஈடு வந்ததா என்று விசாரிப்போம். மேற்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தட்டில் நம் ஊர் குணம் முழுவதும் தெரிந்தது.

நான் இருக்கும் இந்த மெல்போர்னில்தான் 1922-ல் பார்வையற்ற தொழிலாளிகள் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு, அதைப் பந்தாக உருட்டிக் கிரிக்கெட் ஆடத் தொடங்கினார்கள். யாரும் மைதானம் கட்டித் தரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இன்று பிளாஸ்டிக் பந்துக்குள் பால்ரஸ் குண்டு கிலுகிலுக்கிறது. பந்து போடுகிறவர் "ரெடியா?" என்று கேட்டு, மட்டைக்காரர் "எஸ்" சொன்ன பிறகு, "ப்ளே" என்று கூவித் தரையோடு உருட்டிவிடுவார். பதினோரு பேரில் நான்கு பேராவது முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கு. 2025 நவம்பரில் கொழும்பில் நடந்த இறுதி ஆட்டத்தில், பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையை ஜெயித்து வந்தவர்கள் நம் நாட்டுப் பெண்கள். அவர்களை யாரும் மேடையில் உட்காரவைத்துக் கோப்பை கொடுக்கவில்லை.

"ஊரைவிட்டுப் போனவன் புத்தி சொல்ல வந்துவிட்டான்" என்பீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இங்கே லீவு நாளில் பார்வையற்றவர்களின் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதப் போகிறேன். சொந்த ஊருக்கு வசூல் பணம் மட்டும் அனுப்புகிறேன். அந்தத் தட்டிலும் என் காசு இருக்கிறது. அது உறுத்துவதால்தான் எழுதுகிறேன்.

அடுத்த பொங்கலுக்கு ஒரு முழக் கயிறு போதும். ஒரு முனையை அவன் பிடிக்கட்டும், மறுமுனையைக் கண் தெரிந்த பையன் ஒருவன் பிடித்துக்கொண்டு கூடவே ஓடட்டும். பாராலிம்பிக்கிலும் வழிகாட்டியோடு இப்படித்தான் ஓடுகிறார்கள். விழுந்தால் எழுந்துகொள்வான், நாமெல்லாம் விழாமலா வளர்ந்தோம்?

அதைவிட அவசரம் படிப்பு. ஐந்தாவதோடு அவனை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுவரை இலவசக் கல்வி அவன் உரிமை. பாளையங்கோட்டையில் 1890 முதல் பார்வையற்றோர் பள்ளி நடக்கிறது. மதுரை சுந்தரராஜன்பட்டியில், தானே பார்வையிழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-ல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. மதுரைப் பெண் பூரண சுந்தரி, பெற்றோர் வாசிக்கக் கேட்டும் ஒலிப்பதிவுகளைக் கேட்டும் படித்து, 2019 குடிமைப் பணித் தேர்வில் 286-ஆம் இடம் பிடித்தார். காமராசர் பிறந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாமா?

அவன் அம்மாவுக்குப் பயம். தனியாக எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் உங்களில் யாராவது ஒருத்தர் அவர்களை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். பஸ் செலவு, சாப்பாடு, துணிமணி எல்லாம் என் பொறுப்பு. கூடப் போக மட்டும் நான் அங்கே இல்லை. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

என்றும் உங்கள்,
மேலத்தெருப் பிள்ளை