கேம் மேல பழி போடாதீங்க, பூட்டு எங்கனு கேளுங்க

1/ ஓபி-ல ஒரு அம்மா. விடியக்காலை ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க. "பத்தாவது படிக்கிறான் சார். ராத்திரி மூணு மணி வரைக்கும் போன்ல சண்டை கேம். தூங்க ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க."

2/ வரிசைல நின்ன ஒருத்தர் உடனே தீர்ப்பு சொல்லிட்டார்: "கேம் தொட்டாலே புள்ள கெட்டுப்போகும்." தப்பு. நானும் சண்டை கேம் ஆடி வளர்ந்தவன்தான்.

3/ டிவி கேம் கேசட் ஞாபகம் இருக்கா? அதுல 'யி ஆர் குங்-ஃபூ'னு ஒன்னு இருக்கும். 1985-ல கொனாமி கொண்டுவந்தது. கொமடோர் 64, எம்எஸ்எக்ஸ் மாதிரி அந்தக்கால வீட்டுக் கம்ப்யூட்டர்கள்லயும் ஓடுச்சு.

4/ டிவி கேம்ல ஹீரோ லீ. எதிர்ல அஞ்சே பேர். கம்போட வாங், நெருப்பு விடுற டாவ், சங்கிலி வீசுற சென்... அஞ்சு பேரையும் அடிச்சா மறுபடியும் வாங்! ரெண்டு சுத்துல சலிச்சிடும். கேசட்டை உருவிட்டு ஆத்துக்குக் குளிக்கப் போயிடுவோம்.

5/ 1984-ல வந்த 'கராத்தேகா' இன்னும் மோசம். ஆப்பிள் II கம்ப்யூட்டருக்காக ஜோர்டன் மெக்னர் காலேஜ் படிக்கும்போதே எழுதினது. ஒரே உயிர், செத்தா முதல்லேர்ந்து. ஆனா இளவரசியை மீட்டுட்டா கதை முடிஞ்சது. எந்திரிச்சுப் போகலாம்.

6/ இப்ப அந்தப் பையன் கைல இருக்கிற கேமுக்கு முடிவே கிடையாது. தினம் வந்தா பரிசு, சீசன் முடியறதுக்குள்ள லெவல், ஸ்கின்னுக்குக் காசு. சலிப்பு வராம பாத்துக்கறதுதான் அவங்க தொழிலே.

7/ கேம் ஆடினாலே நோய்னு மருத்துவமும் சொல்லல. 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 பட்டியல்ல 'கேமிங் டிஸார்டர்' இருக்கு. கட்டுப்பாடு போகணும், மத்த எல்லாத்தையும் கேம் முந்தணும், கெடுதல் தெரிஞ்சும் தொடரணும். அதுவும் பொதுவா 12 மாசம்.

8/ "அம்மா கண்டிச்சு வளர்க்கல"னு சொல்றவங்களுக்கு: நாலு மணிக்கு எந்திரிக்கிறவங்க ஒம்போது மணிக்கே அசந்து தூங்கிடுவாங்க. அந்தப் பக்கம் ஒரு கம்பெனியே உக்காந்து யோசிக்குது. இந்தப் பக்கம் அவங்க ஒருத்தர். இது சமமான சண்டையா?

9/ காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேமுக்கு ராத்திரி 12-லேர்ந்து 5 வரைக்கும் பூட்டுனு 2025-ல தமிழ்நாடு விதி போட்டுச்சு. சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. பள்ளிக்கூடப் புள்ளைங்க ஆடுற மத்த கேமுக்கும் அதே பூட்டைப் போட என்ன தடை? அதைக் கேளுங்க.

10/ மாத்திரை எழுதல. போன் சார்ஜரைப் பையன் தலைமாட்டுலேர்ந்து அம்மா பக்கம் மாத்தச் சொன்னேன். ரெண்டு வாரத்துல மறுபடி வரச் சொல்லியிருக்கேன். தூக்கமும் படிப்பும் அப்பவும் சரியாகலன்னா மனநல டாக்டர்கிட்ட அனுப்புவேன். உங்க வீட்டுலயும் சார்ஜர் எங்க இருக்குனு இன்னிக்கு ராத்திரி பாருங்க.