அழத் தெரிந்தவனும் ஆண்தான்

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?" முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் சிறுவனிடம் நாம் கேட்கும் இந்தக் கேள்வி, அவன் வளர்ந்த பின்னும் வாயைக் கட்டிப்போடுகிறது. 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். கடன், நோய், குடும்பச் சிக்கல் எனக் காரணங்கள் பல. ஆனால், வலியைச் சொன்னால் மானம் போகும் என்ற அச்சம் உதவியின் கதவை அடைக்கிறது. அடக்கிவைத்த துயரம் பலரிடம் குடியாகவும் மனைவி மக்கள் மீது கோபமாகவும் வெடிக்கிறது.

பெங்களூருவின் பிரேசர் டவுன்வாசிகளுக்கு உதவி தொலைவில் இல்லை; நிமான்ஸ் மனநல மருத்துவமனை நகருக்குள்ளேயே இருக்கிறது. நேரில் போகத் தயங்குவோர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பள்ளிகளும் வழிபாட்டுத் தலங்களும் இந்த உதவிகளைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும். மாற்றம் வீட்டில் தொடங்கட்டும்: அழும் மகனை அதட்டாமல் அணைத்துக்கொள்வோம்.