மலிவான பிசினஸ் கிளாஸ் என்று ஒன்று கிடையாது

சற்று நீளமான பதிவு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோரும் பொறுமையாகப் படிக்கவும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம், வருத்தமில்லை.

என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களாக ஒரே சண்டை. அம்மா அப்பாவை அமெரிக்காவுக்கோ லண்டனுக்கோ அழைத்துப் போக எந்த விமானத்தின் பிசினஸ் கிளாஸ் "கட்டுப்படியாகும்"? ஒருவர் எமிரேட்ஸ் என்கிறார். இன்னொருவருக்குக் கத்தாரை விட்டால் வேறு விமானமே இல்லை. மூன்றாமவர் லுஃப்தான்சா கட்சி. நான்காமவர் "நம்ம ஏர் இந்தியா" என்று கொடி பிடிக்கிறார். எம்ஜிஆர், சிவாஜி ரசிகர் மன்றங்கள் தோற்றுப்போகும்! ஆளுக்கொரு யூடியூப் காணொளியை ஆதாரமாகப் போடுகிறார்கள். அந்தக் காணொளியில் ஓர் இளைஞன் கால்நீட்டிப் படுத்துக்கொண்டு பழச்சாறு குடிக்கிறான். அவனுக்கு முப்பது வயது. முழங்கால் வலி இல்லை. சர்க்கரை இல்லை. அவன் சொல்வதைக் கேட்டு அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு டிக்கெட் போடுகிறோம்.

"ஜவ்வாது மலையில் உட்கார்ந்திருக்கும் வாத்தியாருக்கு பிசினஸ் கிளாஸைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. நான் கணக்கு வாத்தியார். எனக்குக் கணக்கு தெரியும். அதை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கி, போளூர் வழியாக மீனம்பாக்கம் போய்ச்சேர காரில் ஐந்தாறு மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம். வளைகுடாவுக்கு நான்கு மணி நேரம். அங்கே மாறுவதற்கு மூன்று மணி நேரம். அங்கிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு ஏறத்தாழ பதினான்கு மணி நேரம். கூட்டினால் முப்பது. இதில் உங்கள் படுக்கை இருக்கை உண்மையாகவே உதவுவது அந்தக் கடைசிப் பதினான்கு மணி நேரத்தில்தான். மீதிப் பதினாறு மணி நேரம் எந்த வகுப்புக்குக் காசு கட்டியிருந்தாலும் அம்மா உட்கார்ந்தோ நின்றோதான் ஆக வேண்டும்.

அடுத்து காசு. ஒரு பேச்சுக்கு, போய்வர எகானமி 90,000, பிசினஸ் 3,00,000 என்று வைத்துக்கொள்வோம். எகானமிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பிசினஸுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது. ஆக எகானமிக்கு வரி 4,500, பிசினஸுக்கு 54,000. மொத்த வித்தியாசம் 2,59,500 ரூபாய். போக வர வானத்தில் இருக்கும் நேரம் 36 மணி. வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 7,200 ரூபாய்க்கு மேல் வாடகை. இதற்குப் பெயர் "மலிவு" என்றால் அகராதியைத் திருத்த வேண்டும்.

வசதி உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கிரெடிட் கார்டில் தவணை போட்டு, பெற்றோரிடம் "சும்மா கிடைச்சுதும்மா" என்று பொய் சொல்லி, பிறகு இரண்டு வருடம் அந்தத் தவணையைக் கட்டும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பொய் தெரிந்தால் எந்தத் தாய்க்கும் அந்த மெத்தையில் தூக்கம் வராது.

"எகானமியில் போனால் காலில் ரத்தம் கட்டிச் செத்துப்போவார்கள்" என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் என்றது. முக்கியமான செய்தி இதுதான்: கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வியாதி வகுப்பில் இல்லை, அசையாமல் இருப்பதில் இருக்கிறது. மலையிலிருந்து காரில் ஆறு மணி நேரம் கால் தொங்கப்போட்டு வந்து, அதே இரவில் விமானம் ஏறும் அம்மாவின் ஆபத்து போளூர் சாலையிலேயே தொடங்கிவிடுகிறது. சென்னையில் ஒருநாள் முன்னதாகவே போய்த் தங்கி, குளித்து, தூங்கி எழுந்து கிளம்பச் சொல்லுங்கள். நடைபாதை ஓர இருக்கை வாங்கிக்கொடுங்கள், மணிக்கொரு தரம் எழுந்து நடக்கட்டும். ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வகுப்பிலும் ஏறக்கூடாது.

இனி விமானங்களின் பெயருக்கு வருவோம். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முதல் தவறு என்பது என் கட்சி. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இருக்கைகள் ஒன்றுபோல இல்லை. எமிரேட்ஸின் போயிங் 777 சிலவற்றில் பிசினஸ் வகுப்பே 2-3-2 வரிசை, நடுவில் மாட்டிக்கொண்டால் இருபுறமும் ஆட்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2019இல் கதவு வைத்த புதிய இருக்கையைக் கொண்டுவந்தது, ஆனால் அது எல்லா விமானத்துக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஏர் இந்தியாவில் 2024 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய ஏ350 ஒரு ரகம், பழைய 777 வேறு ரகம். காணொளியில் பார்த்த இருக்கை உங்கள் டிக்கெட்டில் இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

சரி, பெயரைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது? என்னிடம் படித்த ஒருவரின் தாய் வீட்டுக்கு வந்திருந்தார். மகன் மூன்று வாரமாக ஐந்து விமானங்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், எத்தனை தடவ எறங்கி ஏறணும்?" மகனின் அட்டவணையில் இருபது கட்டங்கள் இருந்தன. இந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இல்லை. என் பட்டியல் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

1. எத்தனை மாற்றம்? சென்னையிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸும், பிராங்க்பர்ட்டுக்கு லுஃப்தான்சாவும் நேரடியாகப் பறக்கின்றன. போகும் ஊர் அதுவேயானால், நேரடி விமானத்தின் எகானமி, இரண்டு இடத்தில் மாறும் "மலிவு" பிசினஸைவிட முதியவருக்கு மேல்.

2. நீண்ட தூக்கம் எந்தப் பகுதியில்? வளைகுடா வழியே அமெரிக்கா போனால் 4 + 14 மணி. ஐரோப்பா வழியே போனால் ஏறத்தாழ 10 + 9. ஒரு பகுதிக்கு மட்டும்தான் பிசினஸ் வாங்க முடியும் என்றால், வளைகுடா வழியில் அந்தப் பதினான்கு மணி நேரத்துக்கு வாங்குங்கள். நான்கு மணி நேரப் பகுதிக்கு எகானமி போதும். இரு வகுப்பையும் கலந்து டிக்கெட் போட முடியும், ஏஜென்டிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

3. குடியேற்ற வரிசை. அபுதாபி விமான நிலையத்தில் 2014 முதல் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை நடக்கிறது. எதிஹாட்டில் போகிறவர்கள் அங்கேயே அதை முடித்துக்கொண்டு, அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி போல வெளியே வரலாம். பதினான்கு மணி நேரக் களைப்பில் ஆங்கிலக் கேள்விகளுக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. ஆனால் மாறுவதற்குப் போதிய நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இது பட்டு மெத்தையைவிடப் பெரிய வசதியாகத் தெரிகிறது.

4. ஒரே டிக்கெட்டா? "கொழும்பிலிருந்து கிளம்பினால் பிசினஸ் பாதி விலை, அங்கே தனி டிக்கெட்டில் போய்விடலாம்" என்று தந்திரம் சொல்பவர்கள் உண்டு. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது விமானத்துக்காரர் பொறுப்பேற்க மாட்டார். இருபத்தைந்து வயதில் செய்யலாம். தனியாகப் போகும் தாயிடம் செய்யக் கூடாது.

5. எந்தச் சட்டம் காப்பாற்றும்? இதை யாரும் பேசுவதில்லை. லுஃப்தான்சாவில் சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் போனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதி பொருந்தும். விமான நிறுவனத்தின் குறையால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச்சேர்ந்தால் 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸில் போனால் அதே போன்ற பிரிட்டன் விதி உண்டு. சென்னையிலிருந்து வளைகுடா நிறுவனத்தில் கிளம்பினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. விலையை ஒப்பிடும்போது இதற்கும் ஒரு மதிப்பு போட வேண்டாமா?

வீல்சேர் உதவி பிசினஸ் கிளாஸின் சலுகை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த வகுப்பாக இருந்தாலும் டிக்கெட் போடும்போதே கேட்டுப் பதிவு செய்யலாம்.

பிசினஸுக்குக் காசு கட்டியும் எகானமியில் உட்கார வைக்கப்படுவது நம் நாட்டில் இவ்வளவு நடக்கப்போய்த்தான், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரி 15 முதல் ஒரு விதியே கொண்டுவந்தது. பயணியின் சம்மதமில்லாமல் வகுப்பைக் குறைத்தால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணத்தில் டிக்கெட் விலையில் 75 சதவீதத்தை வரியோடு திருப்பித் தர வேண்டும். இந்த விதியை அச்செடுத்து அம்மாவின் கைப்பையில் வையுங்கள். பழச்சாறு காணொளியில் இது வராது.

கடைசியாக, நாம் யார்மேல் கோபப்பட வேண்டும்? சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு நேரடி விமானம் இல்லை. ஜெட் ஏர்வேஸ் 2017இல் சென்னை–பாரிஸ் தொடங்கியது, 2019 ஏப்ரலில் நிறுவனமே நின்றுபோனது. எந்த நாட்டு விமானம் வாரத்துக்கு எத்தனை இருக்கை பறக்கலாம் என்பது அரசுகளுக்கிடையே போடும் உடன்பாடு. துபாய்க்கு அது வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை. கூட்டித் தாருங்கள் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள், டெல்லி இசையவில்லை. காரணம், இந்திய நிறுவனங்கள் நேரடியாகப் பறந்து வளர வேண்டுமாம். வளரட்டும், மகிழ்ச்சி. ஆனால் அந்த இந்திய நேரடி விமானம் சென்னைக்கு எங்கே? டெல்லிக்கு விமானம், நமக்கு அந்த விமானத்தைக் காப்பாற்றும் கட்டணம்! இருக்கை குறைவாக இருக்கும் சந்தையில் எந்த நிறுவனமும் மலிவாக விற்காது. சாமைக்கும் இதே கணக்குதான், விமானத்துக்கும் இதே கணக்குதான்.

இந்தக் கோபத்தை நம் எம்பிக்களிடம் காட்டாமல், எமிரேட்ஸா கத்தாரா என்று நமக்குள் அடித்துக்கொள்கிறோம்.

"அப்படியானால் பெற்றோரை வசதியாக அனுப்புவது தப்பா?" என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. வசதி என்பதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன். ஒரு மாற்றம் குறைவது, கூட ஒரு துணை வருவது, சாப்பிடத் தெரிந்த சாப்பாடு, இறங்கியதும் வாசலில் பிள்ளையின் முகம். இவற்றுக்குச் செலவு செய்துவிட்டு மிச்சம் இருந்தால் மெத்தை வாங்குங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கணக்கோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ரசிகர் மன்றப் பின்னூட்டங்களுக்குப் பதில் கிடையாது.