அச்சமும் புள்ளிவிவரமும்

ஜனங்களின் அபிப்பிராயத்தை அறிந்து ஆட்சி நடத்த வேண்டும் என்பதை இக்காலத்தில் எவரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. அதன்பொருட்டு வீடுதோறும் சென்று வினவிக் கணக்கெடுக்கும் வழக்கம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. ஆயினும், "லஞ்சம் வாங்கினீரா?", "வரியை ஏய்த்தீரா?", "ஆள்பவரை ஆதரிக்கிறீரா?" என்று முகத்துக்கு நேரே கேட்டால், வெட்கத்தால் மழுப்புவோர் சிலர், தண்டனைக்கு அஞ்சிப் பொய் சொல்வோர் சிலர். அவ்விடைகளைக் கூட்டிச் சதவிகிதம் போட்டால், ஜனங்களின் கருத்துடன் அவர்களுடைய அச்சமும் கலந்தே வரும்.

இதற்காக விடை சொன்னவர்களைப் பழிப்பது முறையன்று. குற்றஞ் சாட்டப்பட்டவனைத் தனக்கு விரோதமாகத் தானே சாட்சி சொல்லும்படி நிர்ப்பந்திக்கலாகாது என்று நமது அரசியல் சட்டத்தின் 20-வது ஷரத்து விதிக்கிறது. கோர்ட்டில் நிற்பவனுக்கே இப்பாதுகாப்பு உண்டென்றால், வாசலில் வந்து நிற்கும் அந்நியரிடம் ஒரு குடும்பஸ்தன் தன் ரகசியத்தை ஒப்புவிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? தனி மனிதனைக் காட்டிக்கொடாமல் சமூகத்தின் நிலையை மட்டும் அறிய வழியுண்டா என்பதே கேள்வி.

வழியுண்டு என்று 1965-ம் வருஷத்தில் ஸ்டான்லி வார்னர் என்பவர் காட்டினார். அவருடைய யுக்தி எளியது. ஒரு வட்டத்தில் சுழலும் முள் இருக்கிறது. 100-க்கு 70 தடவை "நான் வரி ஏய்த்தவன்" என்ற வாசகத்திலும், 30 தடவை "நான் வரி ஏய்க்காதவன்" என்ற வாசகத்திலும் அது நிற்கும்படி வட்டம் பகுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் காணாதபடி முள்ளைச் சுழற்றி, அது காட்டும் வாசகம் தம்மளவில் மெய்யா, பொய்யா என்று மட்டுமே ஒருவர் சொல்ல வேண்டும். "மெய்" என்று அவர் சொல்வதிலிருந்து அவரைக் குற்றவாளி என்று எவராலும் நிரூபிக்க முடியாது. ஆயினும் மொத்தக் கணக்கு பேசும். 1000 பேரில் 200 பேர் ஏய்த்தவர்களாயின், அவர்களில் 140 பேரும் மற்ற 800 பேரில் 240 பேரும் ஆக 380 பேர் "மெய்" என்பர். ஆகவே 380 என்ற தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் 200 என்ற உண்மை வெளிப்படும்.

மற்றொரு முறை பட்டியல் முறை. 1991-ல் அமெரிக்காவில் வெள்ளையரிடம் இம்முறையில் நடத்திய விசாரணையை ஜேம்ஸ் குக்லின்ஸ்கி முதலிய அறிஞர்கள் 1997-ல் வெளியிட்டார்கள். பெட்ரோல் வரி உயர்வு, விளையாட்டு வீரர்களின் பெரும் ஊதியம், தொழிற்சாலைகள் சுற்றுப்புறத்தை அசுத்தப்படுத்துவது ஆகிய மூன்றையும் ஒரு சாராரிடம் சொல்லி, இவற்றுள் எத்தனை உமக்குக் கோபமூட்டுகின்றன என்று கேட்டார்கள். எவை என்று கேட்கவில்லை. குலுக்கல் முறையில் பிரித்த மறு சாராருக்கு, கறுப்பர் குடும்பமொன்று பக்கத்து வீட்டில் குடியேறுவது என்ற நான்காவது விஷயத்தையும் சேர்த்தார்கள். தென் மாகாணங்களில் சராசரி 1.95-லிருந்து 2.37-க்கு உயர்ந்தது. அதாவது 100-க்கு 42 பேர் அதற்காகக் கோபமடைகிறார்கள் என்று ஏற்பட்டது. இதர மாகாணங்களில் இத்தகைய உயர்வு காணப்படவில்லை. நிறத்துவேஷம் ஒழிந்துவிட்டது என்று பேசி வந்தவர்களுக்கு இது தக்க பதிலாயிற்று.

இவை வெறும் ஏட்டுச் சுரைக்காயா என்று ஐயுறுவோருக்கும் விடையுண்டு. கருவுற்ற கணத்திலிருந்தே கருவை மனிதனாகச் சட்டம் ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தை 2011-ல் மிசிசிப்பி மாகாண வாக்காளர்கள் தோற்கடித்தனர். பிறகு அவர்களிடம் எவ்வாறு வாக்களித்தீர்கள் என்று நேரே கேட்டபோது, எதிர்த்ததாகச் சொன்னவர்களின் விகிதம் மெய்யான தேர்தல் முடிவைவிடக் குறைந்தே நின்றது. மறைமுக முறைகள் உண்மையை அதிகம் நெருங்கின. வார்னர் வழிவந்த முறையே மிகவும் நெருங்கியது. 2016-ல் வெளியான ஆராய்ச்சி இதை விளக்குகிறது.

குறைகளும் இல்லாமலில்லை. மேற்சொன்ன உதாரணத்தில், எல்லோரும் ஒளிக்காமல் நேரே விடையளித்தால் கிடைக்கும் நுட்பத்தைப் பெறச் சுமார் 9 மடங்கு அதிகமான பேரை விசாரிக்க வேண்டும். பட்டியல் முறையிலோ, "நான்கும்" என்று சொன்னவரின் ரகசியம் அக்கணமே வெளியாகிவிடும். ருஷ்யாவில் 2015-ல் பட்டியல் முறையை அநுசரித்த அறிஞர்கள், புதினுக்குச் சுமார் 80 சதவிகித ஆதரவு இருப்பதாகக் கண்டனர். இது நேர்விசாரணைக் கணக்குக்கு 10 சதவிகிதத்துக்குள் குறைவானதே. அச்சத்தினாலேயே அவரை ஆதரிப்பதாகச் சொல்கிறார்கள் என்று கருதியவர்களுக்கு இது ஏமாற்றமளித்திருக்கும். பின்னர் நடந்த விசாரணைகளில் வித்தியாசம் பெருகியது. ஆனால் பட்டியல் முறையே தொகையைக் குறைத்துக் காட்டக்கூடுமாதலால், அது முழுவதும் அச்சத்தின் விளைவென்று கொள்ளலாகாது என்று அவ்வறிஞர்களே எச்சரித்தனர். நாம் விரும்பும் முடிவைத் தருமென்று நம்பி ஒரு முறையைப் போற்றுவதும், தராதபோது அதைத் தூற்றுவதும் நேர்மையன்று.

ஆகவே பொதுவாழ்வில் ஈடுபட்டோர் ஒரு சதவிகிதத்தைக் கண்டவுடன் ஆரவாரிக்கவோ ஆத்திரப்படவோ வேண்டாம். கேட்டவர் யார், கேள்வியை எவ்விதம் கேட்டார், விடை சொன்னவருக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று முதலில் விசாரிக்கட்டும். வாக்குச் சீட்டின் ரகசியத்தை எவ்வளவு கண்டிப்புடன் காக்கிறோமோ, அவ்வளவு கண்டிப்புடன் விடையளிப்போரின் ரகசியத்தையும் சர்க்காரும் பத்திரிகைகளும் ஆராய்ச்சி ஸ்தாபனங்களும் காத்தல் வேண்டும். அந்த நம்பிக்கையை ஒருமுறை குலைத்துவிட்டால், பிறகு எந்தச் சுழலும் முள்ளும் ஜனங்களின் வாயைத் திறக்க மாட்டாது.