சுளுக்குக்கு சூடா, குளிரா?

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கம். மழையில் நனைந்த பாறையில் கால் வைத்தேன். சர்ரென்று வழுக்கி கணுக்கால் மடங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஆயா உடனே அடுப்பைப் பற்றவைத்தது. கல் உப்பை வறுத்து, துணியில் முடிந்து, சுடச்சுட ஒத்தடம். போதாததற்கு எண்ணெய் போட்டு நல்லா ஒரு உருவு! அந்த நேரத்துக்கு இதமாகத்தான் இருந்தது. ராத்திரி பார்த்தால் கால் சுரைக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது.

ஆயாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதன் கை வைத்தியத்தில் வளர்ந்தவன்தான் நான். ஆனால் வலி என்றாலே சூடுதான் என்கிற பழக்கம் தப்பு என்கிறேன்.

அடிபட்டதும் உள்ளே சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கிழிந்து கசிகின்றன. சூடு வைத்தால் குழாய் விரியும், கசிவு கூடும். குளிர் வைத்தால் குழாய் சுருங்கும், நரம்பு வலியைக் கடத்துகிற வேகமும் குறையும். அதனால் முதல் இரண்டு நாளைக்கு குளிர் ஒத்தடம்தான் சரி. உருவுவதும் அப்போது வேண்டாம். வீக்கம் வடிந்த பிறகு, தசைப்பிடிப்பு, பழைய முதுகுவலி... இதற்கெல்லாம் ஆயாவின் உப்பு மூட்டை தாராளமாக வரலாம்.

"மலையில ஐஸுக்கு எங்கடா போறது?" என்று கேட்பீர்கள். ஐஸே வேண்டாம். மண்பானைத் தண்ணீர் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீர், ஒரு பழைய வேட்டித் துணி போதும். நனைத்துப் போடுங்கள், சூடேறினால் மறுபடி நனையுங்கள். பி.காம். படிக்கிறவன் கணக்கில் சொன்னால் முதலீடு பூஜ்யம், லாபம் உடனே :-)

ஐஸ் கிடைத்தால் நேராகத் தோலில் வைக்காதீர்கள், தோல் புண்ணாகிவிடும். துணியில் சுற்றி 15 நிமிடம், அதிகம் போனால் 20. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அதற்காக ஐஸைக் கும்பிடவும் வேண்டாம். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நாலு அம்ச சூத்திரத்தை 1978-ல் சொன்னவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். அவரே 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வீக்கம் என்பது உடம்பு தன்னைத்தானே ரிப்பேர் பார்க்கிற வேலையும்தான். ஆக, ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். குணப்படுத்துவது உடம்பு. தன் பேச்சைத் தானே திருத்திக்கொண்ட அந்த மனுஷனை எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசியாக, எங்கள் மலைக்கு ரொம்ப முக்கியமான ஒன்று. பாம்புக் கடிக்கு ஐஸும் கூடாது, சூடும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. குளிர் விஷத்தை நிறுத்தாது, சதையைத்தான் கெடுக்கும். கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. மலைப்பாதையில் ஒவ்வொரு நிமிடமும் காசை விடப் பெரிசு. சுளுக்கிலும் அப்படித்தான்: நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால், கணுக்கால் எலும்பைத் தொட்டாலே உயிர் போகிறது என்றால், ஒத்தடத்தை விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.

ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப மூணாம் நாள் வா, உப்பு வறுத்து வைக்கிறேன்" என்றது.

இந்த ஒப்பந்தம் எனக்கு சம்மதம். உங்களுக்கு?