தடை நீங்கியது, படம் எங்கே?



கூலி உயர்வு, ரேஷன் அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ்ப் பாடம் என்று நம் இதழில் எழுதி வந்த நான், இந்த மாதம் சினிமாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "விடியற்காலையில் பெங்களூர் வண்டி பிடித்து சித்தாள் வேலைக்குப் போகிறவனுக்கு 1939ஆம் வருஷத்துப் படம் எதற்கு?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். நியாயமான கேள்விதான். கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் பெரியப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். குப்பம் ஸ்டேஷனில் முப்பத்தைந்து வருஷம் போர்ட்டராக மூட்டை சுமந்தவர். இப்போது வயது எண்பது. அந்த நாளில் சினிமாக் கொட்டகைக்குப் படப்பெட்டி ரயிலில்தான் வரும். கனத்த தகரப் பெட்டிகள். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வண்டி வந்து நின்றதும், அந்தப் பெட்டிகளை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு போகும் வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். தூக்குவதற்கு முன் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பார். எம்.ஜி.ஆர். படமா, சிவாஜி படமா என்று சுற்றி நிற்பவர்கள் கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு, "நம்ம படம் இன்னும் வரலை" என்பார். பின்னாளில் நான் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோதும், எப்போதாவது ஒரு படப்பெட்டி வந்து கொண்டுதான் இருந்தது. "டேய், பழைய பெட்டி ஏதாவது வந்துச்சாடா?" என்று வாசலில் வந்து நிற்பார்.

அவர் தேடிக்கொண்டிருக்கும் படம் 'தியாகபூமி'.

இந்தத் தேடல் அவரிடம் ஆரம்பிக்கவில்லை. என் தாத்தா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, ஜோலார்பேட்டை - பெங்களூர்ப் பாதையில் கேங்மேனாக இருந்தவர். அப்போது குப்பம் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆந்திர மாநிலம் பிரிந்தது 1953இல்தானே! தண்டவாளத்தில் வேலை செய்த நாலைந்து பேர் கூலியில் மிச்சம் பிடித்து, வேலூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் இந்தப் படத்தைப் பார்க்கப் போனார்களாம். போன அன்று வாசலில் போலீஸ் நின்றதாம். படத்தை சர்க்கார் நிறுத்திவிட்டது. வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமலே திரும்பி விட்டார்கள். தாத்தா சாகும் வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்காத படத்தைப் பற்றி, பார்த்த படத்தைவிட அதிகமாகப் பேசினார்!

அப்படி என்ன இருந்தது அந்தப் படத்தில்?

இயக்கியவர் கே.சுப்ரமணியம். கதை கல்கி. படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. படத்தின் காட்சிகளையே தொடருக்குப் படங்களாகப் போட்டார்கள். சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன், அவர் மகள் சாவித்திரியாக எஸ்.டி.சுப்புலக்ஷ்மி, குழந்தை சாருவாக பேபி சரோஜா. புயலில் வீடிழந்த சேரி மக்களுக்குத் தம் இடத்தில் அடைக்கலம் கொடுத்ததற்காக சாஸ்திரியை அக்கிரகாரம் ஒதுக்கி வைக்கிறது. அவர் சென்னைக்கு வந்து ஏழைகள் வாழும் சாவடிக்குப்பத்தில் குடியேறுகிறார். கைவிட்டுப் போன கணவன், பணக்காரியாகத் திரும்பி வந்த மனைவி மேல் சேர்ந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். அவளோ அவனோடு வாழ முடியாது, வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள். 1939இல் ஒரு தமிழ்ப் பெண் திரையில் இப்படிப் பேசினாள் தோழர்களே! முடிவில் எல்லோரும் தேச விடுதலைப் போரில் இறங்குகிறார்கள். டி.கே.பட்டம்மாள் குரலில் தேச சேவைப் பாட்டு, கதர், ஊர்வலம் என்று காங்கிரஸ் இயக்கமே திரையில் நடக்கிறது.

1939 மே மாதம் படம் வெளிவந்தபோது சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை இருந்தது. தணிக்கையின் பிடி தளர்ந்திருந்தது. யுத்தம் மூண்டது, அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா செய்தது, கவர்னர் ஆட்சி வந்தது. 1940இல் படத்துக்குத் தடை விழுந்தது. தடை உத்தரவு அமலுக்கு வருவதற்குள் எவ்வளவு பேர் பார்க்க முடியுமோ பார்க்கட்டும் என்று சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகப் படம் காட்டினார்கள் என்றும், கூட்டம் முட்டி மோதியது என்றும், போலீஸ் தடியடி நடத்தியது என்றும் சினிமா வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கதை பத்திரிகையில் வந்து, படிக்கத் தெரிந்தவர் கையெல்லாம் போய்ச் சேர்ந்தது. சர்க்காரின் தடை விழுந்தது படத்தின் மேல். ஏன்? பத்திரிகை படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். படம் பார்க்கக் கண் இருந்தால் போதும். கேங்மேனும் களத்துமேட்டுக் கூலிக்காரனும் நூற்றுக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, வெளியே வந்து பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. நம்மில் பலருக்கு இன்னும் தெரியவில்லை.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வே பாஸ் கிடைக்கும்போதெல்லாம் சென்னைக்கு வண்டி ஏறுவார். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடைகளில் மண்டியிட்டுத் தேடி, ஒரு நாள் 'தியாகபூமி' பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். அட்டை பாதி இல்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது, "என் புஸ்தகம் அதுக்கு முன்னாடியே தப்பிச்சிடுச்சு" என்றார். மவுண்ட் ரோடு மீரான் சாகிப் தெருவில் விநியோகஸ்தர் ஆபீஸ்களில் ஏறி இறங்கினார். ஓர் ஆபீஸில் பையன் ஒருவன் சிரித்தானாம்: "பழைய பிலிமா? வெள்ளி எடுக்க எடைக்குப் போட்டாச்சு பெரியவரே!"

அந்தப் பையன் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட். பட்டென்று தீப்பிடிக்கும், வெயிலிலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பொடியாகும். கருப்பு வெள்ளைச் சுருளின் மேல்பூச்சில் வெள்ளி இருப்பதால், ஓடி முடிந்த படத்தைக் கரைத்து வெள்ளி எடுத்தார்கள். அப்படியும் இப்படியுமாகப் போனவை எத்தனையோ. தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. அதை யாரும் தடை செய்யவில்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 ஊமைப் படங்களில் முழுதாக மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக் கூடியவை. அவற்றையும் போலீஸ் கொண்டுபோகவில்லை.

சர்க்கார் அழித்த படங்களும் உண்டுதான். அம்ரித் நாஹட்டா எடுத்த 'கிஸ்ஸா குர்ஸி கா' என்ற இந்திப் படத்தின் நெகடிவையே அவசரநிலையின்போது கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். அந்த வழக்கில் 1979இல் சஞ்சய் காந்திக்கும் வி.சி.சுக்லாவுக்கும் கீழ்க்கோர்ட் தண்டனை விதித்தது. பிறகு சுப்ரீம் கோர்ட்டில் விடுதலையானார்கள். ஆனால் நாஹட்டா அந்தப் படத்தைத் திரும்ப எடுத்து 1978இலேயே வெளியிட்டு விட்டார். கொளுத்தியதாலேயே அதன் பெயர் நாடெங்கும் பரவியது.

இதற்கு நேர்மாறாக, நம்மைப் பற்றி எடுத்த ஒரு படத்தின் கதியைப் பாருங்கள். 1960இல் 'பாதை தெரியுது பார்' வந்தது. இடதுசாரித் தோழர்கள் பணம் சேர்த்து எடுத்த படம். தொழிலாளர் வாழ்வைச் சொன்ன படம். இயக்கிய நிமாய் கோஷ், கிழக்கு வங்காளத்திலிருந்து வேர் பிடுங்கி எறியப்பட்ட அகதிகளைப் பற்றி 1950இல் 'சின்னமூல்' எடுத்தவர். இசையமைத்த எம்.பி.சீனிவாசன் சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். ஜெயகாந்தன் பாட்டு எழுதினார். தேசிய விருதில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. எந்தச் சர்க்காரும் தடை போடவில்லை. கொட்டகைகளில் நெடுநாள் ஓடவும் இல்லை. அதன் பாட்டைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்த ஒரு தொழிலாளியை நான் இதுவரை சந்தித்ததில்லை. லாபம் தராது என்று சந்தை ஒதுக்கிய படத்துக்குத் தடை எதற்கு?

'தியாகபூமி'க்குத் தடை போட்ட ஆட்சியே 1947இல் கப்பலேறிப் போய்விட்டது. அதற்குப் பிறகும் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் என் பெரியப்பா தேடிக்கொண்டிருக்கிறார் என்றால், இந்தக் காலமெல்லாம் படத்தை மறைத்து வைத்தவன் யார்? வெள்ளைக்காரன் மேல் பழி போட்டுவிட்டு நாம் தூங்கப் போக முடியாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. படம் அழியவில்லை. புனே நகரில் 1964இல் ஏற்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகத்தில் அதன் பிரதி இருக்கிறது. அந்தக் காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே.நாயர் போன்றவர்கள் இல்லாவிட்டால் அதுவும் வெள்ளியாகக் கரைந்திருக்கும். நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) என்ற ஊமைப் படம், நாவலின் உரிமை பற்றிய வழக்கில் பறிமுதலாகி, திருவனந்தபுரத்தில் ஒரு புத்தக நிறுவனத்திடம் முடங்கிக் கிடந்தது. 1974இல் காப்பகம் அதை மீட்டது. தேடினால் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி. தாமதித்தால் போய்விடும் என்பதற்கும் சாட்சி உண்டு: 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் கிடங்கு தீப்பற்றி, நூற்றுக்கணக்கான படங்களின் சுருள்கள் வெந்து போயின. 2022இல் 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. வரவேற்கிறேன். புதுப்பித்த படம் யாருக்கு? பெரிய நகரத்து விழாவுக்கு மட்டுமா?

போன பொங்கலுக்கு என் மகள் செல்போனில் 'தியாகபூமி'யின் சில நிமிடத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துப் பெரியப்பாவிடம் காட்டினாள். கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பாட்டு முடிந்தது. நான், "என்ன பெரியப்பா, அம்பது வருஷத் தேட்டம் தீர்ந்துச்சா?" என்றேன்.

"போடா. உங்க தாத்தா இதையா பார்க்கப் போனாரு? நாலு கேங் ஆளுங்களோட, தரையில உக்காந்து பார்க்கப் போனாரு. பக்கத்துல ஆளே இல்லாம பார்த்தா அது படமாடா?"

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அவர் அதுவும் இல்லை. ஆனால் 1940இல் தடை போட்ட அதிகாரி எதற்குப் பயந்தானோ, அதை அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

படத்தைக் குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேரி மக்களைக் கரையேற்ற அங்கேயும் ஒரு சாஸ்திரி வர வேண்டியிருக்கிறது. அந்த மக்கள் தாங்களாகவே எழுந்து நின்றிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்? இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டும். கேட்பதற்காகவாவது படத்தைப் பார்க்க வேண்டும். இட ஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' (1987) படத்தின் கருத்து எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. ஆனாலும் எதிர்ப்பாளர்கள் மிரட்டுகிறார்கள் என்பதற்காகக் கருத்துரிமையைப் பறிக்கக் கூடாது என்று 1989இல் சுப்ரீம் கோர்ட் அந்தப் படத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது சரி என்பேன். இன்று அடுத்தவன் படத்துக்கு விழும் பூட்டு, நாளை நம் படத்துக்கு விழும்.

"வயிற்றுப்பாடே பெரும்பாடு" என்ற தோழரே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல் குவாரியிலும், பட்டு நூற்பிலும், கட்டுமானத்திலும் உழைக்கும் நம் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியில் படிக்கிறார்கள். படிக்கட்டும், தெலுங்கு நமக்குச் சோறு போடும் ஊரின் பாஷை. ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத அந்தப் பிள்ளைக்குத் தன் கொள்ளுத்தாத்தா காலத்துக் கதையை எதைக் கொடுத்துச் சொல்வீர்கள்? புத்தகம் கொடுத்தால் படிக்காது. படம் போட்டால் பார்க்கும். 1939இல் எழுத்துத் தெரியாதவனுக்குப் பயன்பட்ட அதே வழி, இன்று அவன் பேரப்பிள்ளைக்கும் பயன்படும்.

ஆகவே நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். 'தியாகபூமி'யைக் குப்பத்தில் திரையிட அனுமதி கேட்டுப் புனே காப்பகத்துக்கு மனு அனுப்ப வேண்டும். நம் ஊரிலேயே 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழுக்கும் அங்கே துறை உண்டு. நம்மோடு சேர்ந்து அந்த நிறுவனமும் கேட்டால் மனுவுக்கு எடை கூடும். கையெழுத்துக்கு நோட்டுப் புத்தகம் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். வீட்டில் பழைய பாட்டுப் புத்தகமோ, நோட்டீஸோ, போட்டோவோ இருந்தால் எடைக்குப் போடாமல் கொண்டு வாருங்கள்.

நோட்டில் முதல் கையெழுத்து பெரியப்பா போட்டுவிட்டார். போடும்போது கேட்டார்: "தரையில பாய் விரிப்பீங்கதானே?"

விரிப்போம் பெரியப்பா.