பத்துக்கு எத்தனை?



சென்ற மாதம் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி முறையில் ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். செய்தி எப்படியோ பரவி, தினமும் நாலைந்து பேர் போன் செய்து விசாரிக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: நலமாக இருக்கிறேன். இட்லி, ரசம் சாதம் எல்லாம் இறங்குகிறது. ஆனால் இந்தப் பதிவு அதைச் சொல்ல மட்டும் அல்ல. ஒரு தப்பை ஒப்புக்கொள்ளவும்தான்.

ஆபரேஷன் முடிந்த அன்று இரவு ஒரு நர்ஸ் பெண் வந்து, “ஐயா, வலி பத்துக்கு எத்தனை இருக்கு?” என்று கேட்டாள். “ரெண்டு இருக்கும்மா” என்றேன். பொய். மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. அதைவிட, வலது தோள்பட்டையில் யாரோ கட்டையால் அடித்தது போல ஒரு வலி. கத்தி வைத்தது வயிற்றில், வலிப்பதோ தோளில்! இது மாரடைப்புதான் என்று நானே முடிவு செய்துகொண்டு, யாரையும் எழுப்ப வேண்டாம் என்று பல்லைக் கடித்தபடி படுத்திருந்தேன்.

இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெண் மறுபடி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து பெஞ்சில் இருந்து என் மனைவி எழுந்து, “ரெண்டுன்னா இவர் ஏம்மா விடிய விடிய ஃபேனையே பார்த்துட்டு இருக்கார்? எட்டுன்னு எழுதிக்கோ” என்றாள். உடனே டாக்டர் வந்தார். இசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை. டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டேன்.

34 வருடம் உங்களுக்கெல்லாம் மார்க் போட்டவன், எனக்கு நானே தப்பாக மார்க் போட்டுக்கொண்டேன்.

அந்தத் தோள்வலியின் கதையைக் கேளுங்கள். சுண்ணாம்புத் தெளிநீரைப் பால் போல் மாற்றும் வாயு எது என்று எட்டாம் வகுப்பில் கேட்பேனே, அதே கார்பன் டை ஆக்சைடுதான் காரணம். உள்ளே கேமராவும் கருவிகளும் நகர இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றை அந்த வாயுவால் பலூன் போல உப்ப வைக்கிறார்கள். அது தீப்பிடிக்காது, ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த உப்பலும் மிச்சம் தங்கும் வாயுவும் உதரவிதானத்தை உறுத்துகின்றன. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள்பட்டையின் உணர்வு நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. தந்தி வந்த ஊரை மூளை மாற்றிப் படித்துவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே போய்விடும்.

இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது எனக்கு ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால், வலி இருந்திருக்கும், பயம் இருந்திருக்காது. சம்மதப் படிவத்தில் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நர்ஸ் பெண்களைக் குறை சொல்லமாட்டேன். ஒருத்தியே அத்தனை படுக்கையையும் பார்க்கிறாள். ஆனால் முன்கூட்டிச் சொல்வது மருத்துவமனையின் கடமை. இதைவிட மலிவான வலிமருந்து கிடையாது.

1985ல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற டாக்டர் முதன்முதலில் இந்த முறையில் பித்தப்பையை எடுத்தார். 1990ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா நம் நாட்டில் செய்து காட்டினார். அதற்கு முன் வயிற்றில் ஒரு சாண் கிழிக்க வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலும் நான்கு சிறு துளைகள், பெரியதே ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அதனாலேயே “சின்ன ஓட்டைதானே, பொறுத்துக்கோங்க” என்கிறார்கள். ஓட்டை சின்னது, உள்ளே நடந்த வேலை சின்னது இல்லை.

பொறுத்துக்கொள்வதால் ஒரு புண்ணியமும் இல்லை. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி நுரையீரலில் தேங்கும். எழுந்து நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். ஆகவே வலியைக் குறைப்பது சொகுசு அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்த ஆபரேஷன் வந்தால், முதல் நாளே டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. துளை போடும் இடங்களில் மரத்துப்போகும் ஊசி போடுவீர்களா? முடிக்கும்போது வாயுவை நன்றாக வெளியேற்றுவீர்களா? குறைந்த அழுத்தத்தில் செய்ய முடியுமா? இவையெல்லாம் வலியைக் குறைக்கும் என்று தெரிந்த வழிகள்தான்.

2. வலி மாத்திரையை மணி பார்த்து எடுக்க வேண்டுமா? பெரும்பாலும் முதல் சில நாள் அப்படித்தான் தருவார்கள். பசி முற்றிய பிறகு உலை வைப்பது போல, வலி ஏறிய பிறகு மாத்திரை தேடாதீர்கள்.

3. என் உடம்புக்கு எந்த மாத்திரை ஆகாது? சிறுநீரகக் கோளாறு, குடல் புண், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பது, இவை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிச் சேர்க்காதீர்கள்.

4. எப்போது எழுந்து நடக்கலாம்? பெரும்பாலானவர்களை அன்றைக்கே நடக்கவிடுவார்கள். இருமும்போது வயிற்றின் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடியுங்கள். இதை எனக்குச் சொன்னது பக்கத்துக் கட்டில்காரர். நல்ல பலன்.

இன்னொன்று. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, காய்ச்சல், மஞ்சள் காமாலை, விடாத வாந்தி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம் என்று எது வந்தாலும், “வாயுதான்” என்று சும்மா இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்போது அந்த ஒப்புதல்.

வகுப்பில் “சார், வயித்து வலி” என்று எழுந்து நின்றவர்களை “நடிக்காதே, உட்கார்” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! குறிப்பாகப் பெண் பிள்ளைகள். எதற்காக என்று சொல்ல முடியாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்த முகங்கள் அன்று விடியும்வரை ஒவ்வொன்றாக வந்து போயின. வலியைச் சொன்னால் அவமானம் என்ற பாடத்தை உங்களுக்கு நடத்தியவன் நானேதான். அந்தப் பாடத்தைத்தான் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒப்பித்தேன். அது தப்பான பாடம். மன்னித்துவிடுங்கள்.

உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள், சிலர் நர்ஸ்கள், பலர் பெற்றோர். பிள்ளை வலி என்று சொன்னால் முதலில் நம்புங்கள், அப்புறம் விசாரியுங்கள். வீட்டில் வயசான அப்பா “ஒண்ணும் இல்லப்பா” என்றால் அதை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவைக் கேளுங்கள். சரியான மார்க் அவரிடம்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்